தண்டனை போதவில்லையா, போய்ச் சேரவில்லையா?

2000 ஒக்டோபர் 25 காலை, பண்டாரவளையை அடுத்த பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமுக்குள் ஒரு பெரும் கூட்டம் கத்தி, பொல்லுகளோடு புகுந்தது. உள்ளே இருந்தவர்கள் தமிழ் இளைஞர்கள். புலிகள் இயக்கத்திலிருந்து சரணடைந்தவர்கள், சந்தேகத்தில் பிடிபட்டவர்கள், மீசை கூட முளைக்காத பையன்கள் என்று கலந்து இருந்தார்கள். அவர்களுக்கு எந்த நீதிமன்றமும் தண்டனை விதித்திருக்கவில்லை. முதல் நாள் மாலை முகாம் அதிகாரிகளோடு ஒரு தகராறு நடந்தது. விடிவதற்குள் சுற்றுவட்டாரத்தில் சுவரொட்டி ஒட்டியாகிவிட்டது. காலையில் கூட்டம் வந்தது. முகாமைக் காக்க அனுப்பப்பட்ட பொலிஸார் சுமார் 60 பேர் ஆயுதத்தோடு அங்கேயே நின்றார்கள். அவர்கள் நிற்கும்போதே 25 பேருக்கு மேல் வெட்டியும் அடித்தும் எரித்தும் கொல்லப்பட்டார்கள்.

அடுத்து வந்த நாட்களில் மலையகத் தமிழர் வாழும் தேயிலைத் தோட்டப் பகுதிகளான தலவாக்கலை, ஹட்டன் பக்கமெல்லாம் ஆர்ப்பாட்டமும் பதற்றமுமாக இருந்தது. அரசாங்கம் விசாரணை ஆணைக்குழு அமைத்தது, சட்டமா அதிபர் வழக்குத் தொடுத்தார். மூன்று நீதிபதிகள் அமர்ந்த விசேட மேல் நீதிமன்றம் கொழும்பில் அதை விசாரித்து, 2003 ஜூலையில் பொலிஸ் அதிகாரிகள் இருவர் உட்பட ஐந்து பேருக்கு மரண தண்டனை விதித்தது. இலங்கைச் சட்டத்தில் அதற்கு மேல் ஒரு தண்டனை கிடையாது. ஆனால் 2005 மே மாதம் முடியும்போது அந்த ஐந்து பேரும் நாட்டின் உச்ச மன்றமான உயர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டிருந்தார்கள். குற்றத்தை நிரூபிக்கச் சாட்சியம் போதவில்லை என்றானது. அந்தக் கொலைகளுக்காக இன்று சிறையில் இருப்பவர் ஒருவரும் இல்லை.

அரசியல் வன்முறை நடக்கும்போதெல்லாம் தேநீர்க் கடையிலும் வானொலியிலும் மேடையிலும் ஒரே பேச்சுத்தான்: இந்த நாட்டில் தண்டனை போதாது, சட்டத்தைக் கடுமையாக்கினால்தான் பயம் வரும். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அப்படிச் சொன்னால் அதற்குப் பதில் பேச எனக்கு வாய் வராது. ஆனால் சட்டத்தைத் திருத்தப் போகிறவர்கள் பிந்துனுவெவவைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அங்கே தண்டனையின் அளவில் ஒரு குறையும் இருக்கவில்லை. வேறு ஏதோ குறைந்தது.

சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பார்ப்போம். தண்டனைச் சட்டக்கோவைப்படி கொலைக்கு மரண தண்டனை. 1976 ஜூன் 23க்குப் பிறகு இங்கே யாரும் தூக்கிலிடப்படவில்லை. தீர்ப்பு எழுதப்படும், ஆள் சிறையில் கிடப்பார், பல வருடம் கழித்து அது ஆயுள் தண்டனையாகக் குறையும். கலகம் செய்தால் இரண்டு ஆண்டுவரை, சட்டவிரோதக் கூட்டத்தில் சேர்ந்தால் ஆறு மாதம்வரை. இனங்களுக்கிடையே வெறுப்பைத் தூண்டி வன்முறைக்கு வழிவகுத்தால், 2007ஆம் ஆண்டின் சிவில், அரசியல் உரிமைகள் சமவாயச் சட்டப்படி பத்து ஆண்டுவரை கடூழியச் சிறை. பொதுச் சொத்துக்குச் சேதம் செய்தால் 1982ஆம் ஆண்டின் சட்டப்படி ஓராண்டு முதல் 20 ஆண்டு, கூடவே சேதத்தின் மூன்று மடங்குவரை அபராதம். பிணை எடுப்பதும் லேசில்லை. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் சில குற்றங்களுக்கு ஆயுள், பலவற்றுக்கு ஐந்து முதல் 20 ஆண்டு. தெரிந்த தகவலைச் சொல்லாமல் மறைத்தாலே ஏழு ஆண்டுவரை போடலாம்.

இதைப் பார்த்துவிட்டு இந்த நாட்டுச் சட்டம் மென்மையானது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் கும்பல் வன்முறை என்று வரும்போது ஒரு பெரிய ஓட்டை தெரியும். மேலே கொலைக்கான மரண தண்டனை இருக்கிறது, கீழே கலகத்துக்கான இரண்டு வருடம் இருக்கிறது. நூற்றுக்கணக்கானோர் புகுந்த இடத்தில் யார் வெட்டினார், யார் தீ வைத்தார், யார் வேடிக்கை பார்த்தார் என்று பிரித்து நிரூபித்தால்தான் கொலைக் குற்றம் நிற்கும். ஒரே நோக்கத்தோடு கூடிய கூட்டத்தில் ஒருவர் செய்ததற்கு எல்லோரும் பொறுப்பு என்று தண்டனைச் சட்டக்கோவையின் 146ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அந்த ஆளுக்கு அந்த நோக்கம் இருந்தது என்பதையும் நிரூபிக்க வேண்டும். பிந்துனுவெவவில் தாக்கியவர்களை நேருக்கு நேர் பார்த்தவர்களில் பெரும்பாலானோர் செத்துப்போனார்கள். பிழைத்த பையன்களுக்கோ பக்கத்து ஊர்க்காரரின் முகமும் தெரியாது, பெயரும் தெரியாது.

பொலிஸார் விஷயம் இன்னும் சிக்கல். கையில் துப்பாக்கியோடு நின்று ஒன்றும் செய்யாமல் இருந்தது என்ன குற்றம்? தனக்குக் கீழ் உள்ளவர்களைத் தடுக்கத் தவறிய, கண்ணெதிரே நடக்கும் கொலையைத் தடுக்கத் தவறிய மேலதிகாரியைப் பொறுப்பாளியாக்கும் கட்டளைப் பொறுப்பு என்ற குற்றம் இலங்கைத் தண்டனைச் சட்டத்தில் இல்லை. அதனால் கும்பலோடு சேர்ந்தவர் என்று அந்த அதிகாரிகள்மீது வழக்குப் போட வேண்டியிருந்தது. அவர்கள் மனதிலும் கும்பலின் நோக்கமே இருந்தது என்று காட்ட வேண்டும். அது மேல்முறையீட்டில் நிற்கவில்லை. தடுக்கத் தவறியதற்கென்றே தெளிவான ஒரு குற்றமும் அதற்குப் பத்து வருடத் தண்டனையும் சட்டத்தில் இருந்திருந்தால், மரண தண்டனையை எழுதிவிட்டுப் பிறகு அழிப்பதைவிட அது எவ்வளவோ மேல் என்று நான் நினைக்கிறேன்.

கடுமையான சட்டம் யார் தலையில் இறங்கியது என்பதையும் பார்க்க வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் தற்காலிகம் என்று சொல்லிக் கொண்டுவரப்பட்டது, 1982இல் நிரந்தரமானது. 90களில் கொழும்பில் குண்டு வெடிக்கும் ஒவ்வொரு முறையும் புறக்கோட்டைக் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலை செய்த மலையகப் பையன்கள் அள்ளப்பட்டார்கள். தோட்டத்தில் பிறந்து பிறப்புச் சான்றிதழ் சரியாக இல்லாததால் அடையாள அட்டை எடுக்க முடியாதவர்கள் நிறையப் பேர். சோதனைச் சாவடியில் அட்டை இல்லை, பேசுவது தமிழ். அவ்வளவே போதும். மகன் எந்த பொலிஸில் இருக்கிறான் என்று தேடி நுவரெலியாவிலிருந்தும் பதுளையிலிருந்தும் ரயிலேறிய அப்பா அம்மாக்களை அந்தக் காலத்துத் தோட்டங்களில் எல்லோருக்கும் தெரியும். பலர் வழக்கே இல்லாமல் விடப்பட்டார்கள். வழக்குப் பதிவான சிலருக்கு விளக்கமறியலே வருடக்கணக்கில் போனது. குற்றம் நிரூபிக்கப்படாமல் அனுபவித்த அந்த வருடங்கள் எந்தத் தண்டனைக் கணக்கிலும் வராது.

மலையக மக்கள் முன்னணியின் தலைவராக இருந்த பெ. சந்திரசேகரனும் இதே சட்டத்தில் உள்ளே இருந்தவர். 1991இல் கொழும்பில் கூட்டுப்படைத் தலைமையகம் மீது நடந்த குண்டுத் தாக்குதலோடு தொடர்புடைய ஆளுக்கு இடம் கொடுத்தார் என்று குற்றம் சாட்டி, அவரைப் பல ஆண்டுகள் தடுத்து வைத்தார்கள். 1994 பொதுத் தேர்தலில் நுவரெலியா மாவட்டத்து மக்கள் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். சந்திரிகா பண்டாரநாயக்கவின் கூட்டணிக்கு அப்போது 105 ஆசனம், முஸ்லிம் காங்கிரசுக்கு ஏழு. 225 பேர் கொண்ட சபையில் பெரும்பான்மைக்கு இன்னும் ஒன்று வேண்டும். அந்த ஒன்று சந்திரசேகரனுடையது. நேற்றுவரை பயங்கரவாதச் சந்தேகநபர், மறுநாள் அரசாங்கத்தைத் தாங்கும் ஆள், பிறகு பிரதி அமைச்சர். அவருக்கு ஆதரவாக ஒரு மாவட்டமே இருந்தது. புறக்கோட்டையில் பிடிபட்ட பையனுக்கு யார் இருந்தார்கள்?

பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் உயிர்நாடி 16ஆம் பிரிவு. சாதாரண வழக்கில் பொலிஸாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. இங்கே உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்து அதிகாரியிடம் கொடுத்தால் செல்லும். அடித்து வாங்கினார்கள் என்றால் அதை நிரூபிப்பது அடிபட்டவரின் பொறுப்பு. மட்டக்களப்பைச் சேர்ந்த, தமிழ் மட்டும் தெரிந்த ஒருவரின் சிங்கராசா வழக்கில், சிங்களத்தில் எழுதப்பட்டுப் பெருவிரல் ரேகை வைக்கப்பட்ட வாக்குமூலம்தான் சாட்சியம். 1995இல் 50 ஆண்டுத் தண்டனை கிடைத்தது, மேன்முறையீட்டில் 35 ஆனது. ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு 2004இல் இதை உரிமை மீறல் என்றது. ஆனாலும் 2006இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பை மாற்ற மறுத்தது. பத்திரிகையாளர் ஜே.எஸ். திஸ்ஸநாயகத்துக்கு, எழுதிய கட்டுரைகளை முக்கியக் காரணமாக வைத்து, 2009 ஓகஸ்டில் 20 ஆண்டு விதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மன்னிப்புக் கிடைத்தது வேறு விஷயம். வெறுப்புப் பேச்சைத் தடுக்க வந்த 2007ஆம் ஆண்டுச் சட்டமும் இப்படித்தான் திரும்பியது. ஒரு சிறுகதை எழுதியதற்காக ஒரு சிங்கள எழுத்தாளர் 2019இல் நான்கு மாதத்துக்கு மேல் விளக்கமறியலில் இருந்தார். 25க்கும் மேற்பட்ட கொலைகளுக்கு ஒரு நாள் சிறைகூட மிஞ்சவில்லை, எழுதியதற்கு 20 ஆண்டு என்று அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது.

இது புதிதாக வந்த வியாதி இல்லை. 1977 ஓகஸ்டில் தமிழருக்கு எதிரான வன்செயலில் தோட்டங்களில் லயன்கள் (தொழிலாளரின் வரிசை வீடுகள்) எரிந்தபோது ஆயிரக்கணக்கானோர் மூட்டை முடிச்சோடு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போனார்கள். இன்றும் அந்தப் பகுதிகளில் மலையகப் பேச்சு கேட்கும். அந்த வன்செயலை விசாரித்த சன்சோனி ஆணைக்குழு 1980இல் அறிக்கை கொடுத்தது. அறிக்கைக்குப் பின் தண்டனை வரும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு வந்தது 1982ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம். 1977 ஓகஸ்ட் மாதத்தில் ஒழுங்கை நிலைநாட்ட நல்லெண்ணத்தோடு செய்ததாகச் சொல்லும் அமைச்சர், அதிகாரி எவர்மீதும் வழக்குப் போட முடியாது என்று அது சொன்னது. 1988இல் அந்தப் பாதுகாப்பை அந்த ஆண்டு டிசம்பர்வரை நீட்டினார்கள். தமிழர் தாக்கப்பட்ட 1983 ஜூலையும் அதற்குள் அடக்கம். வெலிக்கடைச் சிறைக்குள் இரண்டு நாளில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்ட அதே ஜூலை.

தேர்தல் வன்முறையில் இன்னொரு பக்கம் தெரியும். 2001 டிசம்பர் 5, பொதுத் தேர்தல் நாள். கண்டிக்கு அருகில் உடத்தலவின்னையில் பத்து முஸ்லிம் இளைஞர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அன்றைய அரசின் சக்திவாய்ந்த அமைச்சர் ஒருவரும் அவருடைய மகன்மாரும் குற்றம் சாட்டப்பட்டு, 2006இல் விசேட மேல் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார்கள். பாதுகாப்புக்கு இருந்த சிலருக்கு மரண தண்டனை கிடைத்தது. மன்றத்தின் முன் வந்த சாட்சியப்படி அது சரியான தீர்ப்பாகவே இருக்கலாம், அதை நான் எடைபோட வரவில்லை. ஆனால் அரசியல் வன்முறை வழக்குகளில் விசாரணை ஆயுதம் ஏந்திய கையோடு நின்றுவிடுவது வழக்கமாகிவிட்டது. வாகனம் கொடுத்தது யார், தொலைபேசியில் பேசியது யார், பணம் எங்கிருந்து வந்தது என்று மேலே ஏறிப் போவதற்கான தடயங்கள் முதல் இரண்டு வாரத்திலேயே சேகரிக்கப்பட வேண்டும். அந்த இரண்டு வாரத்தில் பொலிஸ் நிலையத்தின் பொறுப்பதிகாரி யாருடைய அழைப்புக்குப் பயப்படுகிறார் என்பதில்தான் வழக்கின் தலையெழுத்து இருக்கிறது. தண்டனையை இரட்டிப்பாக்கினால் இதில் என்ன மாறும்?

எல்லாத் தடையையும் தாண்டி ஒரு வழக்கு ஜெயித்தாலும் கடைசியில் பொதுமன்னிப்பு என்ற கதவு திறந்து கிடக்கிறது. 2000 டிசம்பரில் யாழ்ப்பாணத்து மிருசுவிலில் சிறுவர்கள் உட்பட எட்டுப் பேரைக் கொன்ற வழக்கில் இராணுவச் சார்ஜன்ட் சுனில் ரத்நாயக்கவுக்கு 2015இல் மரண தண்டனை கிடைத்தது. 2019இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 15 வருடம் நடந்து வென்ற வழக்கு. 2020 மார்ச்சில், கொரோனா ஊரடங்குக்குள், ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ அவரை மன்னித்து அனுப்பினார். 2021 ஜூன் 24 பொசன் பௌர்ணமி அன்று, அரசியல் கொலை ஒன்றுக்காக மரண தண்டனை பெற்ற முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் துமிந்த சில்வாவும், பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் இருந்த 16 தமிழ்க் கைதிகளும் ஒரே நாளில் மன்னிக்கப்பட்டார்கள். அந்த 16 குடும்பங்களின் நிம்மதியை நான் குறைத்துப் பேசவில்லை, அவர்கள் பட்டது போதும். ஆனால் ஒன்றைக் காட்டி இன்னொன்றை நியாயப்படுத்தும் வேலையாகத்தான் அது பலருக்குத் தெரிந்தது. 2024 ஜனவரியில் உயர் நீதிமன்றம் துமிந்த சில்வாவின் மன்னிப்பை ரத்துச் செய்தது. மரண தண்டனைக் கைதியை மன்னிக்குமுன் விசாரித்த நீதிபதியின் அறிக்கை, சட்டமா அதிபரின் ஆலோசனை, நீதி அமைச்சரின் பரிந்துரை எல்லாம் வேண்டும் என்று அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரை சொல்கிறது. ஜனாதிபதியின் பேனாவுக்கும் எல்லை உண்டு என்று காட்டியதால், எந்தப் புதிய தண்டனைச் சட்டத்தையும்விட இந்தத் தீர்ப்பை நான் பெரிதாக மதிக்கிறேன்.

சரி, கடுமையான தண்டனை வன்முறையை அடக்கியதா? 1971 ஏப்ரல் கிளர்ச்சிக்குப் பிறகு மக்கள் விடுதலை முன்னணி எனும் ஜே.வி.பி.யினரை விசாரிக்கத் தனிச் சட்டம் போட்டு, சாட்சிய விதிகளைத் தளர்த்தி, குற்றவியல் நீதி ஆணைக்குழு ஒன்றை அமைத்தார்கள். கட்சித் தலைவர் ரோஹண விஜேவீரவுக்கு முதலில் ஆயுள், பிறகு அது 20 ஆண்டாகக் குறைந்தது. 1977இல் ஆட்சி மாறியதும் சட்டமே ரத்தாகி அவர் வெளியே வந்தார். பத்து வருடத்தில் இரண்டாவது கிளர்ச்சி, முதலாவதைவிடப் பல மடங்கு இரத்தம். 1989 நவம்பரில் கண்டி மாவட்டத்து உலப்பனையில், வேறு பெயரில் தோட்ட உரிமையாளரைப் போல வாழ்ந்துகொண்டிருந்த அவரைப் பிடித்தார்கள். அடுத்த நாள் அவர் உயிரோடு இல்லை. நீதிமன்றம், தீர்ப்பு ஒன்றும் இல்லை. அந்தக் காலத்தில் இரு தரப்பும் செய்த ஆயிரக்கணக்கான கொலைகளின் உண்மை ஒரு விசாரணையில் வெளிவந்திருக்கலாம். அதற்கு வழி இல்லாமல் போனது. அவருடைய கட்சி இன்று நாட்டை ஆள்கிறது.

தண்டனையின் நீளத்தைவிட, பிடிபடுவது நிச்சயம் என்ற எண்ணம்தான் ஆளைத் தடுக்கிறது என்பது குற்றவியல் ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்ட முடிவு. கும்பலில் சேர்ந்து ஒரு லயனுக்குத் தீ வைக்கப் போகிறவன் இதற்கு ஐந்து வருடமா 20 வருடமா என்று யோசிப்பதில்லை. நம்ம ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றுதான் நினைக்கிறான். அந்த நம்பிக்கை இதுவரை பெரும்பாலும் பொய்க்கவும் இல்லை.

அவசரத் தண்டனையின் ஆபத்தையும் நாம் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறோம். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998இல் தடா எனும் இந்தியப் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. அதில் பலர் இலங்கைத் தமிழர். அங்கேயும் பொலிஸ் அதிகாரி முன் கொடுத்த வாக்குமூலம் சாட்சியமாகச் செல்லும். ஓராண்டு கழித்து இந்திய உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்தது. மேல்முறையீட்டுக்கு இடம் இல்லாமல் இருந்திருந்தால் அந்த 19 பேர் என்னவாகியிருப்பார்கள் என்பதை, கடும் சட்டம் கேட்பவர்கள் ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

தோட்டத்தில் ஒரு தேர்தல் காலத்து அடிதடி, ஒரு வீடு எரிப்பு என்று வைத்துக்கொள்வோம். பார்த்தவர் ஒரு கொழுந்து பறிக்கும் அம்மா. அவர் பொலிஸில் தமிழில் சொல்கிறார், முறைப்பாட்டுப் புத்தகத்தில் சிங்களத்தில் எழுதப்படுகிறது. படித்துக் காட்டினார்களா இல்லையா தெரியாது, கையெழுத்துப் போடுகிறார். அப்புறம் தவணைகள். பிள்ளைக் காம்பரா (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்) திறக்கும் முன்பே பஸ் பிடிக்க வேண்டும், அதனால் பேரப்பிள்ளையைப் பக்கத்துக் காம்பராவில் விட்டுவிட்டுப் போகிறார். அன்றைக்குப் பேர் இல்லை, அதாவது நாள் சம்பளம் இல்லை. நீதிமன்றத்துக்குப் போனால் சட்டத்தரணி வரவில்லை, இல்லாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் வரவில்லை, வழக்கு மூன்று மாதம் தள்ளிப்போகிறது. எதிரி வெளியே பிணையில் நிற்கிறார், அவர் அதே தோட்டத்துத் தலைவரின் ஆள். நாலு வருடம் கழித்துச் சாட்சிக் கூண்டில் ஏறும்போது, அன்று நீங்கள் பொலிஸில் சொன்னது வேறு என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி சிங்கள வாக்குமூலத்தைக் காட்டுகிறார். வழக்கு அங்கேயே சாய்கிறது. அரசியலமைப்பின்படி வடக்கு, கிழக்குக்கு வெளியே நீதிமன்றப் பதிவு மொழி சிங்களம். தமிழில் சாட்சி சொல்லும் உரிமை இருக்கிறது, ஆனால் அதைக் காகிதத்தில் சேர்க்க நல்ல மொழிபெயர்ப்பாளர் வேண்டும். நுவரெலியா, பதுளை போன்ற மாவட்டங்களில் தமிழில் வாக்குமூலம் எழுதக்கூடிய பொலிஸ்காரர் ஒவ்வொரு நிலையத்திலும் இருந்தால், பல வழக்குகளின் முடிவே மாறும் என்பது என் உறுதியான எண்ணம்.

2015இல்தான் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்புக் கொடுக்கும் சட்டம் முதன்முதலாக வந்தது. 2023இல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் நிறைவேறியது. சாட்சியை மிரட்டுவதே தனிக் குற்றம், பாதுகாப்புக் கேட்டு விண்ணப்பிக்கலாம், நீதிமன்றத்துக்குப் போகாமல் தூர இடத்திலிருந்து காணொளி வழியாகச் சாட்சி சொல்லவும் வழி உண்டு. பிந்துனுவெவ வழக்கு நடந்த காலத்தில் இதில் ஒன்றுகூட இல்லை. பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம் என்று மாறி மாறி வந்த அரசாங்கங்கள் சொல்லியிருக்கின்றன. 2022 திருத்தத்தில் அமைச்சரின் ஆணையில் தடுத்து வைக்கும் காலம் 18 மாதத்திலிருந்து 12 மாதமாகக் குறைந்ததே தவிர, 16ஆம் பிரிவு அசையவில்லை. இனி வரும் எந்தச் சட்ட வரைவிலும் தண்டனை வருடங்களைப் பார்க்குமுன் வாக்குமூலம் பற்றிய அந்தப் பிரிவு என்ன ஆகிறது, தடுக்கத் தவறிய மேலதிகாரிக்கு என்ன பொறுப்பு எழுதப்படுகிறது என்று மலையக உறுப்பினர்கள் பார்க்க வேண்டும். ஹட்டனிலோ பண்டாரவளையிலோ தமிழ் மொழிபெயர்ப்பாளரோடு ஒரு காணொளி அறை திறக்கவும், சாட்சிக்குப் போகும் நாளைச் சம்பளத்தோடு கூடிய நாளாக்கவும் அவர்கள் வரவுசெலவுத் திட்டத்தில் பணம் கேட்கலாம்.